வயதுக்குக் கொடுக்கும் விலை

நெடுங்காலம் பீப்பாயில் கிடந்த ஸ்காட்ச் விஸ்கி உண்மையில் எவ்வளவு பெறும்? ஏலக் கூடம் ஒரு கணக்குச் சொல்கிறது. நாக்கு வேறு கணக்குச் சொல்கிறது.

2023 நவம்பர் 18. லண்டனில் சோத்பீஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு ஒரு விஸ்கி பாட்டில் வந்தது. 1926இல் வடித்து, பீப்பாயில் 60 ஆண்டுகள் கிடந்து, 1986இல் பாட்டிலில் அடைபட்ட மெக்காலன். அந்தப் பீப்பாயிலிருந்து கிடைத்தவை மொத்தம் 40 பாட்டில்கள்தான். ஏலத்துக்கு வந்த பாட்டிலின் லேபிளை வரைந்தவர் இத்தாலிய ஓவியர் வலேரியோ அதாமி. கட்டணம் உட்பட முடிவான விலை 21,87,500 பவுண்டு. நம் பணத்தில் 22 கோடி ரூபாய்க்கு மேல். பெக் கணக்கில் பார்த்தால் ஒன்று 90 லட்ச ரூபாயைத் தொடுகிறது.

ஏலத்துக்கு முன் அந்த நிறுவனத்தின் மது நிபுணர் ஜானி ஃபௌல் அதில் ஒரு துளியைச் சுவைத்துப் பார்த்தார். உலர்ந்த பழம், மசாலா, மரம் ஆகியவற்றின் செறிவான ருசி இருந்ததாகச் சொன்னார். பொய்யில்லை. ஆனால் உலர்ந்த பழமும் மசாலாவும் மரமும் பத்தாயிரம் ரூபாய்க்கு விற்கும் நல்ல விஸ்கியிலும் கிடைக்கும். அப்படியானால் மீதிப் பணம் எதற்கு?

இன்னொரு தகவலையும் சேர்த்துப் பார்க்கலாம். அதே பீப்பாய், அதே ஓவியரின் லேபிள் கொண்ட வேறொரு பாட்டில் 2018 அக்டோபரில் எடின்பரோவில் ஏலம் போனது. அப்போது விலை 8,48,750 பவுண்டு. ஐந்தே ஆண்டுகளில் இரண்டரை மடங்கு. பாட்டிலுக்குள் இருந்த விஸ்கியோ அந்த ஐந்தாண்டுகளில் ஒரு நாள்கூட முதிரவில்லை. விஸ்கிக்கு வயது ஏறுவது பீப்பாயில் மட்டுமே. கண்ணாடிக்குள் போன அன்றே அதன் வயது நின்றுவிடுகிறது.

இந்த ஒரு விஷயம் தெரியாததால் இந்திய வீடுகளில் எத்தனையோ பாட்டில்கள் பீரோவில் பூட்டப்பட்டுக் கிடக்கின்றன. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாரோ கொண்டுவந்த 12 வருட ஸ்காட்ச், மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று எடுத்து வைக்கப்படுகிறது. இருபது ஆண்டு கழித்துத் திறக்கும்போது '32 வருட விஸ்கி' என்று பெருமை வேறு. அது அப்போதும் 12 வருட விஸ்கிதான். கார்க் காய்ந்து பாட்டிலில் மட்டம் இறங்கியிருந்தால் பழைய 12 வருடத்தைவிட மோசமாகக்கூட இருக்கலாம்.

வயது என்பது என்ன?

பிரிட்டனின் 2009ஆம் ஆண்டு விதிகள் இதைத் தெளிவாக வரையறுக்கின்றன. ஸ்காட்ச் என்று பெயர் பெற, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது மூன்று ஆண்டு முதிர்ந்திருக்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. லேபிளில் வயதைப் போடுவதானால், உள்ளே கலந்திருக்கும் விஸ்கிகளில் மிக இளையதன் வயதையே போட வேண்டும். 21 என்று போட்ட பாட்டிலில் 30 வருடச் சரக்கும் இருக்கலாம், 20 வருடச் சரக்கு ஒரு சொட்டும் இருக்கக் கூடாது.

வடிகலத்திலிருந்து வரும்போது விஸ்கி பச்சைத் தண்ணீர் போல நிறமற்றிருக்கும். தானிய வாசனையும் கார நெடியும் தூக்கலாக இருக்கும். அதை ஊற்றிவைக்கும் பீப்பாய் பெரும்பாலும் புதியதல்ல. அமெரிக்காவின் போர்பன் விஸ்கிக்கு ஒவ்வொரு முறையும் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் கலம் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் அங்கே உபரியாகி, கப்பலேறி ஸ்காட்லாந்து வருகின்றன. ஸ்பெயினின் ஷெர்ரி ஒயினில் ஊறிய பீப்பாய்களும் வருகின்றன.

பீப்பாய் மூன்று வேலை செய்கிறது. ஒன்று, கொடுக்கிறது: வெனிலா வாசனை, தேங்காய் போன்ற மணம், துவர்ப்பு, நிறம் எல்லாம் மரத்திலிருந்து வருபவை. இரண்டு, எடுத்துக்கொள்கிறது: கருக்கிய கரிப்படலம் புதுச் சரக்கின் கந்தக நெடியை உறிஞ்சிவிடும். மூன்றாவது வேலைதான் பொறுமை கேட்பது. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று மெல்ல உள்ளே வர, அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து பழ வாசனைகள் உருவாகின்றன. முதல் இரண்டும் சில ஆண்டுகளில் பெரும்பாலும் முடிந்துவிடும். மூன்றாவது பல பத்தாண்டுகள் நடந்துகொண்டே இருக்கும். நெடுங்கால விஸ்கிக்கென்று தனி ருசி இருக்கிறது என்றால் அது இங்கிருந்துதான் வருகிறது.

காற்று உள்ளே வரும் வழியில் சரக்கு வெளியே போகிறது. ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிவிடும். 'தேவதைகளின் பங்கு' என்று அதற்குச் செல்லப் பெயர். தேவதைகளின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். 250 லிட்டர் பீப்பாய் ஒன்று 12 ஆண்டில் ஏறக்குறைய 196 லிட்டராகும். 700 மில்லி பாட்டில்களில் 280. முப்பது ஆண்டில் 136 லிட்டர், 194 பாட்டில். ஐம்பது ஆண்டில் 91 லிட்டர், 130 பாட்டில்.

ஆக, 12லிருந்து 30க்குப் போகும்போது கிடைக்கும் பாட்டில்கள் மூன்றில் ஒரு பங்கு குறைகின்றன. பாட்டிலுக்கான செலவு இதனால் ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. அந்த 18 ஆண்டுகளுக்கு 7 சதவீத வட்டி போட்டால் முடங்கிய பணம் சுமார் 3.4 மடங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவு. கிடங்கு வாடகை, கெட்டுப்போகும் பீப்பாய்களின் நஷ்டம் என்று இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் கடையில் ஒரே வடிசாலையின் 30 வருட பாட்டில், 12 வருட பாட்டிலைப் போலப் பதினைந்து, இருபது மடங்கு விலைக்கு விற்கிறது. மரமும் வட்டியும் ஆவியும் சேர்ந்து சொல்லும் கணக்கு ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கொடுப்பது அபூர்வத்துக்கும் ஆசைக்குமான விலை.

இதில் தவறொன்றுமில்லை. பழைய தஞ்சாவூர் ஓவியத்துக்கும் அப்படித்தான் விலை வைக்கிறார்கள். ஆனால் ஓவியத்தை வாங்கியவர் தினமும் பார்க்கலாம். விஸ்கியின் ருசியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பாட்டிலைத் திறக்க வேண்டும், திறந்த கணமே ஏல விலை போய்விடும்.

முதுமையின் எல்லை

வயது கூடக்கூட ருசியும் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. பிளெண்டர் எனப்படும் கலப்பு நிபுணர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. பீப்பாய் கொடுத்துக்கொண்டே இருக்கும், எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. அளவு மிஞ்சினால் மரத்தின் துவர்ப்பும் கசப்பும் மேலோங்கி, பார்லியின் இனிப்பும் பழவாசனையும் அமுங்கிவிடும். ஈரமான ஸ்காட்லாந்துக் கிடங்கில் தண்ணீரைவிட ஆல்கஹால் வேகமாகப் போகும். அது 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தச் சரக்கைத் தனியாக ஸ்காட்ச் என்று விற்கவே முடியாது. எனவே நிபுணர்கள் அவ்வப்போது பீப்பாயில் மாதிரி எடுத்து முகர்ந்து பார்த்தபடி இருக்கிறார்கள். முதிர்ந்த விஸ்கியின் தரம் அது எத்தனை ஆண்டு கிடந்தது என்பதோடு, 'போதும்' என்று யார், எப்போது சொன்னார்கள் என்பதையும் பொறுத்தது.

தாக்குப்பிடிக்கும் பீப்பாய்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் எல்ஜின் நகரைச் சேர்ந்த கார்டன் அண்ட் மெக்ஃபெயில் நிறுவனம் 1940 பிப்ரவரி 3 அன்று, போர்க்காலத்தில், கிளென்லிவெட் வடிசாலையின் சரக்கைப் பீப்பாய்களில் நிரப்பியது. நிரப்பியவர்கள் ஜான் உர்குஹார்ட்டும் அவர் மகன் ஜார்ஜும். அதில் ஒரு பீப்பாயை 2020இல், 80 ஆண்டு முடிந்தபின், அதே குடும்பத்தின் நான்காம் தலைமுறை திறந்தது. கிடைத்தது 250 பாட்டில். அப்போதும் ஆல்கஹால் 44.9 சதவீதம் இருந்தது. 2025இல் அதே நாள் நிரப்பிய இன்னொரு பீப்பாய் 85 வருட விஸ்கியாக வெளிவந்தது. நிரப்பியவர்களுக்கு அதைக் குடிக்கக் கொடுத்துவைக்கவில்லை. இது விதிவிலக்கு. அதே காலத்தில் நிரப்பப்பட்ட எத்தனையோ பீப்பாய்கள் முதுமை தாங்காமல் முன்பே கலப்புக்குள் கரைந்து போயின. மரமும் சரக்கும் சமமாக நிற்கும் காலம் பெரும்பாலான பீப்பாய்களில் 12க்கும் 25க்கும் இடைப்பட்டது என்பதே நிபுணர்கள் பலரின் கருத்து.

மூக்குதான் நீதிபதி

சரி, கோப்பையில் ஊற்றிய விஸ்கியை எப்படி எடைபோடுவது?

முதலில் கண் காட்டும் சாட்சியத்தைத் தள்ளிவைத்துவிட வேண்டும். கறுத்த நிறம் என்றால் பழையது என்று நினைப்பது சகஜம். ஆனால் ஷெர்ரி பீப்பாயில் 10 ஆண்டு கிடந்தது கருஞ்சிவப்பாகவும், பலமுறை பயன்பட்ட பீப்பாயில் 40 ஆண்டு கிடந்தது வைக்கோல் நிறத்திலும் இருக்கலாம். போதாக்குறைக்கு, நிறத்தைச் சீராக்கக் காய்ச்சிய சர்க்கரைச் சாயம் சேர்க்கவும் சட்டம் அனுமதிக்கிறது.

அடுத்தது கோப்பை. வாய் அகன்ற கண்ணாடித் தம்ளரில் வாசனை நிற்காமல் பறந்துவிடும். அடி பருத்து வாய் குறுகிய துலிப் மலர் வடிவக் கோப்பைதான் நிபுணர்களின் கருவி. ஐஸ் கூடாது. குளிர்ச்சியில் வாசனை எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும்.

கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும்போது வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொள்வது நல்லது, ஆல்கஹாலின் காரம் மூக்கைத் தாக்காது. முதலில் தண்ணீர் சேர்க்காமல் முகர வேண்டும். பிறகு சில சொட்டுத் தண்ணீர். தண்ணீர் விட்டால் விஸ்கி கெடும் என்பது திரைப்பட வீரர்களின் தத்துவம். வடிசாலைகளின் நிபுணர்கள் மாதிரிகளை 20 சதவீத ஆல்கஹால் அளவுக்குத் தண்ணீர் விட்டே முகர்கிறார்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017இல் கணினி மாதிரிகள் மூலம் காரணத்தையும் காட்டினார்கள். புகை மணம் தரும் குவாயகால் என்ற பொருள், ஆல்கஹால் 45 சதவீதத்துக்குக் கீழே வரும்போது கோப்பையின் மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது. ஆல்கஹால் அதிகமானால் அது உள்ளேயே அமுங்கிவிடுகிறது.

பிறகுதான் நாக்கு. ஒரு மடக்கை அவசரமில்லாமல் வாய் முழுக்கப் பரவவிட வேண்டும். தொட்டவுடன் என்ன ருசி, நடுவில் எப்படி மாறுகிறது, விழுங்கிய பின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மூன்று கேள்விகள். இளம் விஸ்கி முதல் கேள்வியில் நிறைய மதிப்பெண் வாங்கும். நல்ல முதிய விஸ்கி மூன்றாவதில் வாங்கும்.

ஸ்காட்லாந்துக்காரர்களின் சுவைக் குறிப்புகளைப் படித்தால் நமக்குத் தலை சுற்றும். ஹெதர் பூ, கிறிஸ்துமஸ் கேக், கூஸ்பெரி ஜாம். அவர்கள் பாட்டி வீட்டு அலமாரியில் இருந்தவற்றை அவர்கள் சொல்கிறார்கள். நம் மூக்குக்கு நம் வீட்டு அலமாரி போதும். ஷெர்ரி பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியில் பேரீச்சை, உலர்திராட்சை, கருப்பட்டிப் பாகு, கிராம்பு ஆகியவற்றைத் தேடலாம். போர்பன் பீப்பாய் என்றால் வெனிலா, தேங்காய், தேன். மூன்று பத்தாண்டு தாண்டிய நல்ல சரக்கில் இவற்றோடு வேறு சிலவும் வரும்: அதிகம் கனிந்த மாம்பழம் அல்லது அன்னாசி, தேன்மெழுகு, பழைய தோல் பை, நெடுநாள் மூடிக்கிடந்த சந்தனப் பெட்டி. இந்தப் பின்பகுதி வாசனைகளை இளம் சரக்கில் உருவாக்க முடியாது. வயதுக்கு நியாயமான காசு கொடுக்கலாம் என்றால் இவற்றுக்காகத்தான் கொடுக்கலாம்.

குறைகளும் அதே மூக்குக்கும் நாக்குக்கும் தட்டுப்படும். நேரம் மறந்து கொதித்த தேயிலையின் கசப்பு, மாதுளைத் தோலின் துவர்ப்பு, பென்சிலைக் கடித்த மர ருசி ஆகியவை பீப்பாய் மிஞ்சிவிட்டதற்கு அடையாளம். விழுங்கியதும் தண்ணீர் போல ஓடிவிட்டால் சத்துப் போய்விட்டது. புகை நெடிக்காக ஐலா தீவு விஸ்கியை விரும்புவோருக்கு இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. ஆண்டுகள் ஏறஏற அந்தப் புகை தணிந்துகொண்டே போகும். 10 வருடத்தில் முகத்தில் அடிப்பது 30 வருடத்தில் அடுத்த தெருவில் எரியும் விறகாகிவிடும்.

இதெல்லாம் லேபிளைப் பார்க்காமல் செய்ய வேண்டிய வேலை. 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தார்கள், ஒருமுறை 10 டாலர் என்று, ஒருமுறை 90 டாலர் என்று. குடித்தவர்கள் 90 டாலர் ஒயின்தான் பிரமாதம் என்றார்கள். மரியாதைக்காகச் சொன்னார்கள் என்றும் தள்ள முடியாது. மூளையில் இன்பத்தைப் பதிவுசெய்யும் பகுதியே அப்போது கூடுதலாக இயங்கியதை ஸ்கேன் கருவி காட்டியது. விலை நாக்கை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை, மூளையையும் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறது. வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு வயது விஸ்கிகளை ஒரே மாதிரிக் கோப்பைகளில் வேறொருவரை ஊற்றச் சொல்லி, எது எது என்று தெரியாமல் முகர்ந்து பாருங்கள். விடை பல பர்ஸ்களைக் காப்பாற்றும்.

ஆல்ப்ஸ் மலையில் ஒரு பெக்

மூக்கை நம்பாமல் லேபிளை நம்பியதற்கு 2017இல் ஸ்விட்சர்லாந்தில் ஒரு பாடம் கிடைத்தது. செயின்ட் மோரிட்ஸ் நகர ஹோட்டல் ஒன்றில் 1878ஆம் ஆண்டு மெக்காலன் என்று லேபிள் ஒட்டிய பாட்டில் இருந்தது. பணக்காரச் சீன எழுத்தாளர் ஒருவர் அதில் ஒரே ஒரு சிறு அளவை 9,999 ஸ்விஸ் ஃபிராங்க் கொடுத்துக் குடித்தார். ஆறு லட்ச ரூபாய்க்கு மேல். படங்களைப் பார்த்த நிபுணர்கள் லேபிளிலும் கார்க்கிலும் சந்தேகம் கிளப்ப, ஹோட்டலே மாதிரியைச் சோதனைக்கு அனுப்பியது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கார்பன் சோதனை, சரக்கு பெரும்பாலும் 1970க்கும் 1972க்கும் இடையில் தயாரானது என்றது. இன்னொரு ஆய்வுக்கூடம், அது சிங்கிள் மால்ட்டே அல்ல, 60 சதவீதம் மால்ட்டும் 40 சதவீதம் மற்ற தானியமும் சேர்ந்த கலவை என்றது. ஹோட்டல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

சோதனையின் சூட்சுமம் சுவாரஸ்யமானது. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் திறந்த வெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 அளவு திடீரென்று ஏறியது. பிறகு மெல்ல இறங்கியது. வயலில் நிற்கும் பார்லி அந்தந்த ஆண்டின் காற்றைத்தான் சுவாசிக்கும். எனவே விஸ்கியிலுள்ள கார்பன் அதன் பிறந்த ஆண்டைக் காட்டிக்கொடுக்கிறது. 2018இல் இதே முறையில் ஸ்காட்லாந்து ஆய்வுக்கூடம் ஒன்று 55 அபூர்வ பாட்டில்களைச் சோதித்தது. 21 போலி, அல்லது லேபிளில் சொன்ன ஆண்டில் வடிக்கப்படாதவை. லட்சங்களில் விலை போகும் சந்தையின் லட்சணம் இது.

அசலான பழைய சரக்கின் விலையையும் பீப்பாய் தீர்மானிப்பதில்லை. 1970களில் தேவைக்கு மேல் வடித்துத் தள்ளிய ஸ்காட்லாந்து, 80களில் வாங்க ஆளில்லாமல் திண்டாடியது. 1983இல் பல வடிசாலைகள் மூடப்பட்டன. ஐலா தீவின் போர்ட் எலன், வடக்கே பிரோரா இரண்டும் அவற்றில் அடக்கம். அன்று கலப்புக்கு மட்டும் பயன்பட்ட அவற்றின் சரக்கு, இனி வராது என்று தெரிந்ததும் பொக்கிஷமாகிவிட்டது. ருசி மாறியதைவிடக் கதை மாறியதே பெரிது. பிரோரா 2021இலும் போர்ட் எலன் 2024இலும் மீண்டும் திறந்தன. ஏலச் சந்தையும் 2022இல் உச்சம் தொட்டபின் இறங்குமுகம் கண்டது.

வயது கூடினால் விலை கூடும் என்று நம்பிய இந்தியர் ஒருவரும் உண்டு. டால்மோர் விஸ்கியைத் தயாரிக்கும் ஒயிட் அண்ட் மெக்கே நிறுவனத்தை 2007இல் விஜய் மல்லையாவின் குழுமம் 59.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. கிடங்குகளில் முதிர்ந்துகொண்டிருந்த சரக்கும் சேர்ந்த விலை அது. 2014இல் பிலிப்பைன்ஸ் நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியபோது கிடைத்தது 43 கோடி பவுண்டு.

பெங்களூரின் பேராசை

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இன்று அவசரம் அதிகம். ஸ்காட்ச் வாங்குவதில் 2022இல் இந்தியா பிரான்சை முந்தி, பாட்டில் எண்ணிக்கையில் முதலிடம் பிடித்தது: ஒரே ஆண்டில் 21.9 கோடி பாட்டில். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், 150 சதவீத இறக்குமதி வரியை முதலில் 75 ஆகவும், பத்தாண்டில் 40 ஆகவும் குறைக்க வழிசெய்கிறது. மாநில வரிகள் தனி என்பதால் கடை விலை பாதியாகிவிடாது. ஆனால் 18, 21, 25 என்று எண் போட்ட பாட்டில்கள் இன்னும் அதிகம் கண்ணில் படும்.

அந்த எண்ணை எல்லா ஊருக்கும் பொதுவான அளவுகோலாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. பெங்களூரின் அம்ருத் வடிசாலையில் தேவதைகள் ஆண்டுக்கு 10 முதல் 12 சதவீதம் எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கணக்கில் எட்டே ஆண்டில் பீப்பாயில் எஞ்சுவது சுமார் 40 சதவீதம். ஸ்காட்லாந்தில் அந்த அளவுக்கு வற்ற 45 ஆண்டாகும். 2013இல் அம்ருத் வெளியிட்ட 8 வருட விஸ்கிக்கு 'பேராசைத் தேவதைகள்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். வெப்பத்தில் மரம் வேகமாகக் கொடுக்கும், காற்றின் மெதுவான வேலைக்கோ அவகாசம் இருக்காது. எனவே 8 வருட பெங்களூர் விஸ்கி 45 வருட ஸ்காட்ச் ஆகிவிடாது. ஆனால் 'வெறும் எட்டா?' என்று முகம் சுளிப்பதும் அறியாமைதான். இதே அம்ருத் 2004இல் தன் சிங்கிள் மால்ட்டை முதலில் அறிமுகப்படுத்தியது கிளாஸ்கோ நகரில், ஸ்காட்லாந்துக்காரர்களின் நாக்கில்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. லேபிளில் பெரிதாக இருக்கும் எண் வயதா, கம்பெனி தொடங்கிய ஆண்டா என்று பார்க்க வேண்டும். 'ஆண்டுகள்' என்ற சொல் பக்கத்தில் இல்லாத எண் பெரும்பாலும் வயதல்ல. ஆல்கஹால் 46 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, சாயம் சேர்க்கவில்லை என்றும் எழுதியிருந்தால் நல்ல அறிகுறி. வடித்த ஆண்டு, பாட்டிலில் அடைத்த ஆண்டு இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு 30 வருட பாட்டிலின் பணத்துக்கு வெவ்வேறு வடிசாலைகளின் 15, 18 வருட பாட்டில்கள் நான்கைந்து வாங்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அல்லது நல்ல பார் ஒன்றில் அந்த 30 வருடத்தை ஒரே ஒரு பெக் ருசித்துவிட்டு முடிவெடுக்கலாம். வாங்கிய பாட்டிலை ஒயின் போலப் படுக்க வைக்காமல், வெயில் படாமல், நிமிர்த்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் கார்க் ஆல்கஹாலில் ஊறி உதிர்ந்துவிடும். திறந்ததை ஆண்டுக்கணக்கில் மிச்சம் வைக்கக் கூடாது. இன்னொன்று: வயது ஏறியதால் மது சாதுவாகிவிடுவதில்லை. 40 சதவீதம் 40 சதவீதம்தான். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

முதலீட்டுக்காக வாங்குபவர்களின் வழி வேறு. 2002இல் டால்மோர் 62 வருட விஸ்கி ஒன்றை வெளியிட்டது. மொத்தம் 12 பாட்டில். கலவையை உருவாக்கிய ரிச்சர்ட் பேட்டர்சனின் மூக்கு பத்து லட்சம் பவுண்டுக்கும் மேல் காப்பீடு செய்யப்பட்ட மூக்கு. 2011இல் அந்த விஸ்கியின் ஒரு பாட்டில் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சுமார் 1,25,000 பவுண்டுக்கு விற்றது. ஆனால் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 2005இல், இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு ஹோட்டலுக்கு வந்த பெயர் வெளியிட விரும்பாத தொழிலதிபர் ஒருவர் அதே விஸ்கியில் ஒரு பாட்டிலை 32,000 பவுண்டுக்கு வாங்கியிருந்தார். பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அவருக்கு 93,000 பவுண்டு லாபம்.

அவரோ பாட்டிலை அங்கேயே திறந்து நண்பர்களோடு குடித்துவிட்டார். நஷ்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் பேட்டர்சனின் அந்த விஸ்கி எப்படி இருந்தது என்று கேட்டால், உலகில் பதில் சொல்லத் தெரிந்த சிலரில் அவர்களும் உண்டு.